திரைக்குப் பின்னால் ஐந்து பெண்கள்

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகல். பதுளையில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குத் தகரக் கூரை. மழை இறங்கினால் பக்கத்து மேசைக்காரர் தும்முவதுகூடக் காதில் விழாது. அதனால் அந்தப் பெண் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. திறந்து வைத்திருந்த கோப்பின்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

உரப்பையை மடித்துத் தலையில் கொங்காணி போட்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கலாம். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர் என்பதைக் கறை பிடித்த விரல்களே சொல்லின. பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்த ஒரு கடிதத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"கிளாக்கர் ஐயா நீங்கதானா?"

"ஆமா."

"ஊவா மாகாணத்துல நாடக மேடைக்குப் பின்னால வேல பாக்குற பொம்பளைங்கன்னு அஞ்சு பேர எழுதி அனுப்புனது நீங்கதானா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தோட்டம்வரைக்கும் என் புகழ் போய்விட்டது என்று நினைத்தேன். நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்து, நானேதான் என்றேன்.

"அந்த அஞ்சு பேரும் நான்தாங்க" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"நமுனுகுல தோட்டத்துல லைட்டு பாக்குற பாப்பாத்தி. அது என் வீட்டுப் பேரு. அதே தோட்டத்துல உடுப்பு தைக்கிற ராமாயி. அது செக்ரோல் பேரு. பூனாகலையில முகத்துக்கு வர்ணம் பூசுற சின்னப்பொண்ணு. நான் பொறந்த எடம் அதுதான், அங்க இன்னமும் அப்புடித்தான் கூப்புடுவாங்க. சிஸ்டர்மார் மடத்து நாடகத்துல இடி இடிக்கிற மார்த்தா. பைபிள்ல ஓடி ஓடி வேல பாக்குற மார்த்தா மாதிரி நான் உக்காரவே மாட்டேங்கிறேன்னு சிஸ்டர் வச்ச பேரு அது. சிங்களப் பள்ளிக்கூடத்துல தெர இழுக்குற கமலா. அது அந்த டீச்சர் ஆசையா வச்சது."

ஐந்து விரல்களும் மடங்கிவிட்டன. கையை அப்படியே முஷ்டியாக வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு, "வயசு மட்டும் பூனாகலைக்காரங்க எழுதுனதே இருக்கட்டும்" என்றார். சின்னப்பொண்ணுக்கு நான் இருபத்தாறு என்று போட்டிருந்தேன்.

கொழும்பிலிருந்து வந்த படிவம்

இது அறுபதுகளின் கடைசியில் நடந்தது. ஆண்டைக் கேட்டு யாரும் கடிதம் எழுத வேண்டாம். சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் வீட்டுக் கோழிகளைப் பற்றி எழுதியதற்கே, அந்தச் சேவல் செத்த ஆண்டு தவறு என்று என் மச்சான் கடிதம் போட்டிருக்கிறார்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பதுளைக் கடைவீதியில் வாப்பாவுக்கு ஜவுளிக்கடை இருந்தது. அந்தக் கல்லாவில் உட்காரப் பிடிக்காமல் அரசாங்க அலுவலகம் ஒன்றில் தற்காலிக எழுதுவினைஞனாக, ஊர்ப் பேச்சில் கிளாக்கராக, சேர்ந்திருந்தேன். தற்காலிகம் என்றால், மற்றவர்களுக்குப் பிடிக்காத வேலைகள் எல்லாம் நிரந்தரமாக நமக்கு வரும்.

ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு கட்டுப் படிவம் வந்தது. நாடகங்களில் நடிப்பவர்களைப் பற்றி ஏற்கெனவே நிறையத் தெரியுமாம். மேடைக்குப் பின்னால் விளக்குப் பிடிப்பது யார், திரை இழுப்பது யார், ஒப்பனை செய்வது, உடை தைப்பது, ஓசை எழுப்புவது யார் யார் என்று தெரிய வேண்டும். ஆணா பெண்ணா, எந்த இனம், எந்த மதம், எந்த மொழி என்று ஆளுக்கு ஆள் கட்டம் போட்டிருந்தார்கள். எல்லாரும் கலந்து வேலை செய்கிறார்களா, பெண்களுக்கு இடம் கிடைத்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம். கோளாறு அளக்கப் போனவனிடம் இருந்தது.

போனவன் என்று எழுதிவிட்டேன். உண்மையில் நான் எங்கும் போகவில்லை. நமுனுகுல பாதையில் பஸ் மூன்றாவது வளைவு திரும்புவதற்குள் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஒருமுறை போய், பாதியில் இறங்கி நடந்தே திரும்பிய அனுபவம் உண்டு. ஆகவே பஸ் கண்டக்டர்களிடம் படிவங்களைக் கொடுத்தனுப்பினேன். தோட்டங்களுக்கு, பள்ளிக்கூடங்களுக்கு, மடத்துக்கு. நிரப்பிய படிவங்கள் அதே கண்டக்டர்கள் கையில், வெற்றிலைக் கறையோடு திரும்பி வந்தன. நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஊவா மாகாணத்தை எண்ணி முடித்தேன்.

சில சந்தேகங்களும் வந்தன. நமுனுகுல தோட்டத்து நாடகக் குழுவை நடத்திய கங்காணி, படிவத்தோடு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருந்தார். "எங்க ராணி வேசக்காரன் சுப்பையாவ ஆம்பள கட்டத்துல போடுறதா, பொம்பள கட்டத்துல போடுறதா? சேல கட்டுனா அவன் அசல் பொம்பளதான்." நடிகர்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்று பதில் எழுதினேன். அந்தச் சுப்பையாவின் மனைவிதான் இந்தப் பாப்பாத்தி. மேடையில் சேலை கட்டி அழுதவர் கணவர். பின்னால் ஏணியில் ஏறி விளக்குக் கட்டியவர் மனைவி. இது எனக்கு அப்போது தெரியாது.

தோட்டங்களில் ஒருவருக்கு இரண்டு பெயர் இருப்பது சர்வ சாதாரணம். வேலைக்குப் பெயர் பதிகிற புத்தகம் செக்ரோல். அதில் கணக்கப்பிள்ளை எழுதியது ஒரு பெயர். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் கூப்பிடுவது வேறு பெயர். செக்ரோல் பெயரைச் சொல்லி லயத்தில் தேடினால், பெற்ற தாய்கூட "அப்புடி யாரும் இங்க இல்லீங்களே" என்பாள். பதுளையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்துக் குழு ஒரு படிவமும், தோட்டத்து ஆபீஸ் தனியாக ஒரு படிவமும் அனுப்பியபோதாவது உறைத்திருக்க வேண்டும். இரண்டு படிவம், இரண்டு பெண் என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டேன்.

கமலாவின் படிவத்தில் இனம், மதம் இரண்டும் காலியாக இருந்தன. கமலா என்ற பெயர், சிங்களப் பள்ளிக்கூடம், ஆகவே சிங்களவர், ஆகவே பௌத்தர் என்று நானே நிரப்பினேன். மார்த்தா மடத்து நாடகத்தில் இருந்தார், ஆகவே கத்தோலிக்கர். மற்ற மூவரும் இந்துக்கள். எத்தனை அழகான அறிக்கை. கொழும்புக்காரர்கள் மகிழ்ந்துபோய், ஊவா மாகாணம் மற்ற மாகாணங்களுக்கு முன்மாதிரி என்று கடிதம் எழுதினார்கள். ஆண்டுக் கடைசியில் என்னை நிரந்தரமாக்கப் போவதாக அலுவலகத்தில் பேச்சு அடிபட்டது.

ஆளுக்கு ஒரு வேலை

அந்த மழைநாளில் அவர் கொண்டுவந்த கடிதம் அதே கொழும்பிலிருந்து வந்ததுதான். அங்கே ஒரு பெரிய நாடக அரங்கில், மேடை விளக்குகளைப் பற்றி ஆறு வாரப் பயிற்சி நடக்கவிருந்தது. மடத்து சிஸ்டர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, செக்ரோல் பெயரில் அனுப்பியிருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் குறைந்தது மூன்று விதமான வேலை தெரிந்தவர்களுக்குத்தான் இடம். ஊவா அறிக்கையின்படி ராமாயி என்பவருக்கு உடை தைக்க மட்டுமே தெரியும் என்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சாட்சிக்கு என் அறிக்கையின் அந்தப் பக்கத்தையும் இணைத்திருந்தார்கள். சிஸ்டர் அதை வாசித்துக்கொண்டே வந்து, மார்த்தா என்ற பெயரில் நின்றுவிட்டாராம்.

"அஞ்சு வேலையும் ஒருத்தி பாத்தா எனக்கு எடம் உண்டு. அஞ்சு பேரா பிரிச்சா ஆளுக்கு ஒரு வேலதானே வருது" என்றார் பாப்பாத்தி.

அந்தப் பயிற்சி எதற்கு, இங்கேயே நன்றாகத்தானே செய்கிறீர்கள் என்று ஏதோ உளறினேன்.

"மேடையில ஒருக்கா விடிய வைக்கணுங்க."

"என்னது?"

"பொழுது சாயிறத செஞ்சிருவேன். பெட்ரமாக்ஸ் மேல வாளிய மெல்ல எறக்குனா பொழுது சாஞ்சிரும். விடியிறதுதான் வரமாட்டேங்குது. எவ்வளவு பைய தூக்குனாலும் வெளிச்சம் டக்குன்னு வந்து விழுது. கரண்டு லைட்ட கொஞ்சம் கொஞ்சமா கூட்டலாம்னு சொல்றாங்க. அத படிக்கணும்."

பயிற்சி தொடங்க ஐந்து வாரம் இருந்தது. நீங்கள் எழுதியதை நீங்களே திருத்துங்கள் என்று சொல்லிவிட்டு, உரப்பையை மறுபடி தலையில் போட்டுக்கொண்டு போனார். என் கோப்பு நனைந்து ஒட்டிப்போயிருந்தது.

வாப்பாவின் ஆறாவது பெண்

அன்று சாப்பிடும்போது வாப்பாவிடம் இதைச் சொன்னேன். யாராவது ஆறுதல் சொல்ல மாட்டார்களா என்றிருந்தது.

வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "யாரு, நம்ம திரைக்காரம்மாவா?" என்றார்.

பத்து வருடமாக அந்தப் பெண் எங்கள் கடைக்கு வந்து, சாயம் மங்கிய துணி, கறை பட்ட துணி, வெட்டுத்துண்டு என்று பொறுக்கிக்கொண்டு போகிறாராம். எந்தெந்தக் குழுவுக்கு எந்தெந்தத் துணி என்பது வரைக்கும் வாப்பாவுக்குத் தெரிந்திருந்தது. உம்மாவுக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

"மாகாணத்த எண்ணணும்னா கடையில வந்து உட்காரு மகன். ஃபேன் இல்லாட்டியும் ஆளுங்க வருவாங்க" என்றார் வாப்பா. உம்மா சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. ஆக, பெண்கள் ஆறு பேராகிவிட்டார்கள்.

இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்று மரியாதையாகச் சொல்கிறேன், பயந்தேன் என்பதுதான் சரி. திருத்தினால் என் முன்மாதிரி மாகாணத்தில் ஒரே ஒரு பெண்தான் மிஞ்சுவார். அதோடு நிரந்தர வேலை என்ற பேச்சும் அடங்கிவிடும். திருத்தாவிட்டால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. அவர் மேசைமேல் கடிதத்தை வைத்த விதம் கண்ணைவிட்டுப் போகவில்லை. மூன்றாம் நாள் பெரிய கிளாக்கர் சிவகுரு ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

சிவகுரு ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கறுப்புக் குடை, வெள்ளை வேட்டி, கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை மூன்று தடவை உதறும் பழக்கம். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, கொழும்பிலை உம்மைப் புகழ்ந்து கடிதம் வந்திருக்கு. இப்ப அஞ்சு ஆக்கள் இல்லை, ஒராள்தான் எண்டு எழுதினா அவை என்ன நினைப்பினம்?"

"நான் பொய் சொன்னேன்னு நினைப்பாங்க ஐயா."

"பொய் எண்டு ஏன் சொல்லுறீர்? பிழை எண்டு சொல்லும். பொய்க்குத்தான் விசாரணை." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஆனால் ஒராள் அஞ்சு வேலை செய்யிறா எண்டதை நான் எப்பிடி நம்பிறது? முதலும் நீர் பாராமல்தானே எழுதினனீர். கண்ணாலை பாத்தால்தான் கையெழுத்து வைப்பன்."

கம்பிச் சக்கரம்

அடுத்த ஞாயிறு பிற்பகல் நமுனுகுல குழு பதுளையில் ஒரு மண்டபத்தில் நாடகம் போட்டது. ராஜ்ஜியத்தை இழந்த ராஜா ஒருவரின் கதை. சிவகுரு ஐயா குடையோடு வந்து, மேடையின் பக்கவாட்டில் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தார். நானும் பின்னால் நின்றேன்.

அங்கே பார்த்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மலைகளில் உச்சியில் பறித்த கொழுந்தை மூட்டையாகக் கட்டி, நீளக் கம்பியில் தொங்கவிட்டு, கீழே ஆலைக்கு இறக்குவார்கள். மூட்டை கம்பியில் ஓடுவதற்குச் சின்ன இரும்புச் சக்கரம் உண்டு. தேய்ந்துபோய்க் கழித்துவிட்ட அந்தச் சக்கரங்களில் பத்துப் பன்னிரண்டைப் பாப்பாத்தி பொறுக்கி எடுத்து வந்திருந்தார். மேடைக்கு மேலே உத்தரத்தில் அவற்றைக் கட்டி, கயிறு கோத்து, இரண்டு பெட்ரமாக்ஸ் விளக்குகளையும் அடி வெட்டிய இரண்டு தகர வாளிகளையும் தொங்கவிட்டிருந்தார். கயிற்றை விட்டால் வாளி விளக்கை மூடும், இழுத்தால் திறக்கும். யுத்தக் காட்சிக்கு, டொஃபி சுற்றி வரும் சிவப்புத் தாள்களை ஒட்டிய சட்டம் ஒன்று. இடிக்கு, லயத்துக் கூரையிலிருந்து காற்று பிடுங்கிய தகரம் ஒன்று. மண்டபத்தில் மின்விளக்கு இருந்தது. அதற்கு எரியவும் அணையவும் மட்டும்தான் தெரியும் என்று அதை அணைத்துவிட்டு, ஜன்னல்களையும் சாத்திவிட்டார்.

என்னைப் பார்த்ததும், "சும்மா நிக்காதீங்க கிளாக்கர் ஐயா" என்று திரைக் கயிற்றைக் கையில் கொடுத்தார். "நான் தலையாட்டுனா இழுங்க. வேற யாரு தலையாட்டுனாலும் இழுக்காதீங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதருக்கு உத்தரவு கொடுக்க முடியாது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் சுப்பையாவின் முகத்துக்கு முத்துவெள்ளை பூசினார், பூசிய கையைத் துடைத்துவிட்டு ராஜாவின் கிழிந்த அங்கியைத் தைத்தார், நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே வாளிக் கயிற்றை இழுத்தார். நாடகம் நன்றாகப் போனது. ராணி காட்டுக்குள் நின்று புலம்பிப் பாடும் கட்டம் வந்தது. சுப்பையாவுக்கு நல்ல குரல். பாட்டில் சொக்கிப்போன சிவகுரு ஐயா, கண்ணை மூடித் தலையாட்டினார்.

மேலதிகாரி தலையாட்டினால் கை தானாக வேலை செய்வது எழுதுவினைஞர்களின் வியாதி. நான் கயிற்றை இழுத்துவிட்டேன்.

பாதிப் பாட்டில் ராணியின் முகத்துக்கு எதிரே திரை வந்து மூடியது. சனங்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பாப்பாத்தி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை. ஒரு கையால் இரண்டு வாளிகளையும் இறக்கினார். மறு கையால் தகரத்தைப் பிடித்து மண்டபமே அதிரும்படி உலுக்கினார். "புயலு வந்திருச்சு, அழுதுகிட்டே இருங்க" என்று கணவருக்குக் கீழ்க்குரலில் சொன்னார். பிறகு என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கி, இருட்டுக்குள் திரையை மெல்லத் திறந்தார். இருட்டில் ராணியின் குரல் மட்டும் எழுந்தது. வாளிகள் உயர்ந்து வெளிச்சம் விழுந்தபோது, புயலில் சிக்கிய ராணி தரையில் கிடந்தாள். மண்டபத்தில் பெண்கள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

நாடகம் முடிந்ததும் சிவகுரு ஐயா எழுந்து வந்தார். பாப்பாத்தியின் கைகளைப் பார்த்தார், மேலே சக்கரங்களைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஒராள்தான். நான் வடிவாப் பாத்தனான்" என்றார். திங்கட்கிழமை பேனாவை மூன்று தடவை உதறித் திருத்தத்தில் கையெழுத்திட்டார்.

மறுபடியும் வாளி

பாப்பாத்திக்கு இடம் கிடைத்தது. எனக்கு வேறொரு கடிதம் கிடைத்தது. ஊவா மாகாணத்தில் மேடைக்குப் பின்னால் பெண்களின் எண்ணிக்கை ஐந்திலிருந்து ஒன்றாகச் சரிந்திருப்பது கவலைக்குரியது, இரண்டு மதத்தினர் அடியோடு மறைந்துவிட்டனர், காரணம் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள். என் நிரந்தரம் தள்ளிப்போனது. கடைவீதியில் போகும்போது "ரெண்டு மதத்த ஒழிச்சவன் போறான்" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள்.

ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்த பாப்பாத்தி நேரே அலுவலகத்துக்கு வந்தார். கொழும்பு எப்படி என்று கேட்டேன்.

"மொத நாலு நாளு நாற்காலியில உக்கார வச்சிட்டாங்க. பொம்பளைக்கு கரண்டு ஆகாதாம். அஞ்சாம் நாளு கயிறு கட்டத் தெரிஞ்ச ஆளு யாருமில்ல. அப்புறம் ஏணியிலருந்து எறங்கவே விடல" என்றார்.

அங்கே இருப்பதுபோல வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி வாங்க எங்கள் ஊரில் யாருக்கும் வசதியில்லை. அங்கிருந்த பழைய மின்வேலைக்காரர் ஒருவர், அதற்கும் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார். உப்புத் தண்ணீரில் இரண்டு தகடுகளை வைத்து, ஒன்றை மெல்ல இறக்கினால் மின்விளக்கு மெல்லப் பிரகாசிக்குமாம். தண்ணீரை எதில் வைத்தார் என்று கேட்காதீர்கள். இந்தத் தடவை தகரமல்ல, சுட்ட மண்ணில் செய்த வாளி. ஆறு வாரம் கொழும்பில் படித்து, மறுபடியும் வாளிக்கே வந்து சேர்ந்திருந்தார்.

அடுத்த நாடகத்தில் அவர் விடிய வைத்தார். அந்த வாளிக்குப் பக்கத்தில் யாரையும் அண்ட விடவில்லை. நான் தூரத்தில் திரைக் கயிற்றோடு நின்றேன், வேறு யார் தலையாட்டினாலும் இழுப்பதில்லை என்ற முடிவோடு. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ராஜாவின் தோள் தெரிந்தது, பிறகு முகம், பிறகு பின்னால் வரைந்த மரங்கள். எந்த நொடியில் விடிந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் பக்கம் திரும்பினால், விளக்கைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்து ஒரு சத்தமும் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் சில ஆண்டுகள், வருடாவருடம் வந்த படிவத்தில் ஊவா மாகாணத்தின் பெண்கள் ஒன்று என்று எழுதிக்கொண்டிருந்தேன். தற்காலிகமாகவே இருந்தேன்.

குறிப்பு

அந்தக் காலத்தில் கட்டம் போட்டு மனிதர்களைப் பிரித்தது எங்கள் படிவம் மட்டுமல்ல. தோட்டத்து மக்களில் யார் இங்கே, யார் இந்தியாவுக்கு என்று இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்திருந்தன. இந்தியாவுக்குப் போவதாகச் சுப்பையாவின் அப்பா எப்போதோ போட்ட ஒரு மனுவுக்கு எழுபதுகளில் பதில் வந்தது. சுப்பையாவும் மனைவியும் புறப்பட வேண்டும்.

போவதற்குமுன் மூன்று மாதம் பாப்பாத்தி ஓடி ஓடி வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார். ஒருவருக்கே எல்லாவற்றையும் கொடுக்கப் பார்த்தார், யாராலும் முடியவில்லை. விளக்கைத் தோட்டத்தில் ஒரு பெண் எடுத்துக்கொண்டாள். உடை தைப்பதைப் பக்கத்து லயத்துக்காரி. ஒப்பனையைப் பூனாகலையில் அவருடைய சித்தி மகள். இடித் தகரம் மடத்து சிஸ்டரிடமே போனது. சிங்களப் பள்ளிக்கூட டீச்சர், திரைக் கயிற்றைத் தானே பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். என்னிடம் கயிற்றைக் கொடுக்க யாரும் தயாராக இல்லை.

பதுளை ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு வழியனுப்பப் போனேன். பனி விலகிக்கொண்டிருந்தது. பாப்பாத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்தார்.

"இன்னைக்கு கொஞ்சம் வேகமா விடியுது. மேல இருக்குறவருக்கு தகட்ட பைய எறக்கத் தெரியல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாஸ்போட்டுல ராமாயின்னுதான் இருக்கு. அவ ஒருத்திதான் போறா. மத்த நாலு பேரும் இங்கதான் இருக்காளுங்க, பாத்துக்குங்க தம்பி" என்றார். அதுவரைக்கும் கிளாக்கர் ஐயா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"இந்த வருசத்து ஃபாரத்துல என்னைய எங்க எழுதுவீங்க?"

"போனவங்களுக்குக் கட்டம் இல்லக்கா."

"கீழ ஓரத்துல எடம் இருக்குமே. அங்க எழுதுங்க."

அந்த ஆண்டு நான் எங்கும் படிவம் கொடுத்தனுப்பவில்லை. பஸ்ஸில் ஏறி, வளைவுக்கு வளைவு குமட்டிக்கொண்டே எல்லா இடத்துக்கும் போய், ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து எழுதினேன். பெண்கள் ஐவர். இந்துக்கள் மூவர், கத்தோலிக்கர் ஒருவர், பௌத்தர் ஒருவர். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நான் எழுதிய பழைய அறிக்கை, பெயரும் வயதும் தவிர ஓர் எழுத்து மாறாமல் உண்மையாகிவிட்டது. படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு கோடு இருந்தது. அதில் இப்படி எழுதினேன்: மேற்கண்ட ஐவரும் சேர்ந்து, முன்பு இருந்த ஒருவர்.

கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பெண்களின் பங்கு ஐந்து மடங்காகப் பெருகியிருக்கிறது, மூன்று மதத்தினரும் இடம்பெற்றிருக்கிறார்கள், இதற்குக் காரணமான எழுதுவினைஞரை நிரந்தரமாக்கப் பரிந்துரை செய்கிறோம். சிவகுரு ஐயா அதைச் சத்தமாக வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இனிமேல் குறிப்புப் பகுதியைக் காலியாக விடவும் என்று எழுதியிருந்தது.

அடுத்த ஆண்டும் அந்தக் கோட்டில் அதையே எழுதினேன். அதற்கடுத்த ஆண்டும் எழுதினேன். ஒவ்வொரு தடவையும் காலியாக விடச் சொல்லிக் கடிதம் வந்துகொண்டுதான் இருந்தது. நிரந்தரமாக்கிய ஊழியனை அவ்வளவு லேசில் வேலையைவிட்டுத் தூக்க முடியாது.